துளையா, அலையா, சோதனைச் சுரங்கமா: மலையகத்தில் சுரங்கம் வெட்டுமுன் நிலத்தை எப்படிப் பார்ப்பது?

"கையில் இருக்கும் காசுக்கு நான்கு துளை போடலாம். இல்லாவிட்டால் மலை முழுக்க மின்தடை அளவீடு (நிலத்துக்குள் மின்சாரம் விட்டுப் பார்ப்பது) செய்யலாம். எதைச் செய்வது?" தலவாக்கலைப் பக்கம் சிறு நீர்மின் திட்டம் ஒன்றில் வேலை பார்க்கும் இளம் பொறியியலாளர் கேட்ட கேள்வி இது. 900 மீட்டர் சுரங்கம், இரண்டு வாயும் தேயிலைச் சரிவில். பேராதனை மாணவர்கள் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள். பதுளைப் பக்கத்து வாசகர் ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டிருந்தார்: "எங்கள் ஊருக்கு அடியில் சுரங்கம் வரப்போகிறது என்றால், ஆய்வு ஒழுங்காக நடந்ததா என்று தெரிந்துகொள்ள நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?" மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மலையகத்தில் சுரங்கப் பேச்சை எடுத்தாலே 2014 டிசம்பர் ஞாபகம் வந்துவிடும். உமா ஓயா திட்டத்தின் 15 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 120 மெகாவாட் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. ஆனால் அன்று ஊரை அடித்தது இடிந்து விழுந்த பாறை அல்ல, கீழே இறங்கிப்போன தண்ணீர். அதனால் "பாறை எவ்வளவு கடினம்?" என்பதை நான் முதல் கேள்வியாக வைப்பதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது தண்ணீர். அது எங்கே நிற்கிறது, எந்த வெடிப்பு வழியாக ஓடுகிறது, சுரங்கம் அதைத் தொட்டால் மேலே யாருடைய பீலி (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்) வற்றும்?

இரண்டாவது, மெதுமண் எங்கே முடிந்து பாறை எங்கே தொடங்குகிறது. நம் மலைகளின் அடிப்பாறை நைஸ், சார்னோகைட், குவார்ட்சைட், இடையிடையே பளிங்குக் கல். அதன் மேல் மக்கிய பாறை, அதற்கும் மேல் காலங்காலமாகச் சரிவில் வழிந்து சேர்ந்த மண்ணும் உருண்டைக் கற்களும். சுரங்கத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நல்ல பாறையில் போகும். இரண்டு வாயும், ஓடையைக் கடக்கும் தாழ்வான இடங்களும்தான் மெதுநிலத்தில் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, நில அதிர்வுக் கணக்குக்குத் தேவையான எண்ணை அந்த முறை தருமா என்பது. நான்காவது, பதில் எப்போது கிடைக்கும்: ஒப்பந்தம் எழுதுமுன்னா, மண்வெட்டி உள்ளே போன பிறகா? ஐந்தாவது, விலைப்பட்டியலில் வராத செலவு.

இதில் மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

## இலங்கையில் நில அதிர்வைப் பற்றி ஏன் பேச வேண்டும்

இலங்கை ஜப்பானோ துருக்கியோ அல்ல. புவித்தட்டு எல்லையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறோம். ஆனாலும் 1615இல் கொழும்பை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. 2020 ஆகஸ்ட் கடைசியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய திகன, ஹாரகம பகுதி மக்கள் சிறு அதிர்வுகளை உணர்ந்தார்கள். நீர்மின் சுரங்கங்கள் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களை ஒட்டியே வெட்டப்படுகின்றன, நூறு வருடம் நிற்க வேண்டும் என்று கட்டப்படுகின்றன. ஆகவே அதிர்வைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும், அதன் அளவுக்கு.

எவ்வளவு எடுப்பது? அலை கடக்கும்போது மண் எவ்வளவு நெளிகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: நிலத்துகளின் உச்ச வேகத்தை, குறுக்கலை (நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டிச் செல்லும் அலை) அந்த மண்ணில் போகும் வேகத்தால் வகுத்தால் போதும். நிலம் விநாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறுக்கலை வேகம் விநாடிக்கு 150 மீட்டராக உள்ள மெதுமண்ணில் நெளிவு ஏறத்தாழ 0.13 சதவீதம். 1500 மீட்டர் உள்ள பாறையில் 0.013 சதவீதம். அதே ஆட்டத்துக்குப் பத்து மடங்கு வித்தியாசம். சுரங்கம் மண்ணிலிருந்து பாறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு பக்கம் நெளிய, மறுபக்கம் அசையாமல் நிற்க, நடுவில் மாட்டிக்கொள்வது கொங்கிரீட் வளையம்.

உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. ஆழமான பாறைச் சுரங்கங்கள் நிலநடுக்கத்தைப் பொதுவாகத் தாங்கிவிடுகின்றன. அடி விழுவது வாய்ப்பகுதிக்கும், ஆழம் குறைந்த இடத்துக்கும், பாறைப் பிளவில் அரைபட்டு உண்டான பிளவுக் களிமண்ணுக்கும். 1995 கோபே நிலநடுக்கத்தில் டைகாய் என்ற தரையடி ரயில் நிலையத்தின் நடுத்தூண்கள் நொறுங்கி, மேலே சாலை உள்வாங்கியது. 1999 நவம்பரில் துருக்கியின் போலு சுரங்கத்தில், பிளவுக் களிமண்ணில் பாதி வேலை முடிந்திருந்த பகுதிகள் இடிந்தன. அது 2007இல்தான் திறக்கப்பட்டது.

ஆக, நமக்கு வேண்டியது சுரங்க வாய்களிலும் மண்-பாறைச் சந்திப்பிலும் குறுக்கலை வேகம். அதைத் தராத ஆய்வு அதிர்வு விஷயத்தில் அரைகுறைதான்.

## ஒரே பார்வையில்

ஒவ்வொரு வழியும் என்ன என்பதைக் கீழே விளக்குகிறேன்.

| வழி | தண்ணீர் | மண்-பாறை எல்லை | அதிர்வுக்கான எண் | பட்டியலில் வராத செலவு |
|---|---|---|---|---|
| கோர் துளை | நன்று, உள்ளேயே சோதனை செய்தால் | அந்த ஓரிடத்தில் மிக நன்று | உண்டு, முன்கூட்டியே திட்டமிட்டால் | ரிக்கை (துளையிடும் இயந்திரம்) ஏற்றுவது, துளைக்குத் தண்ணீர், துளையை அடைப்பது |
| அலை அளவீடு | பலவீனம் | நல்ல தொடர்ச்சி, ஆனால் ஏமாற்றும் | உண்டு | சரிபார்க்கத் துளை வேண்டும் |
| மின்தடை அளவீடு | சந்தேகத்தைக் கிளப்பும், தீர்க்காது | சுமார் | இல்லை | தவறாக வாசிக்கும் ஆபத்து |
| கூம்பு ஊன்றல் | ஓரளவு | கல் இல்லாத மண்ணில் மட்டும் | உண்டு | கல்லில் மோதி நின்றுவிடும் |
| சோதனைச் சுரங்கம் | நேரடி | நேரடி | உண்டு | அதுவே நிலத்தடி நீரை வடித்துவிடலாம் |
| முன்துளை | மிக நன்று | மிக நன்று, 20-30 மீட்டர் வரை | இல்லை | வேலை நிற்கும் நேரம் |

## கோர் துளை

மேலே நின்று பார்க்கும் மற்ற முறைகள் எல்லாம் ஊகம். இது கல்லையே உருளையாக வெட்டியெடுத்து (அதுதான் கோர்) கையில் கொடுக்கிறது. அதனால் ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் பெரும்பாலும் துளையைத்தான் சொல்வேன். ஆனால் துளை போட்டும் ஏமாந்தவர்கள் நிறைய.

முதல் ஏமாற்று உருண்டைக் கல். மண்ணின் இறுக்கத்தைப் பார்க்க எஸ்.பி.டி என்ற சோதனையில் குழாயை அடித்து இறக்குகிறோம்: 63.5 கிலோ சுத்தியல், 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து. 50 அடிக்கும் இறங்கவில்லை என்றால் "பாறை வந்துவிட்டது" என்று எழுதுவது வழக்கம். சரிவு மண்ணுக்குள் லயக் காம்பரா அளவுக்குக் கல் புதைந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதன் மேல் நின்றுகொண்டு பாறை என்று எழுதினால், சுரங்க வாய் மண்ணுக்குள் போய் முடியும். பாறை தட்டிய பிறகும் குறைந்தது 3 மீட்டர், சரிவு மண் உள்ள இடத்தில் 5 மீட்டருக்கு மேலும், கோர் எடுத்துப் பாருங்கள். கோரில் உள்ள அடுக்கின் சாய்வு பக்கத்தில் வெளித்தெரியும் பாறையின் சாய்வோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். உருண்டு வந்த கல் திரும்பிக் கிடக்கும்.

இரண்டாவது, நேர்குத்துத் துளை. நம் பாறைகளின் வெடிப்புகள் பல செங்குத்தாக நிற்பவை. நேராகக் கீழே போகும் துளை இரண்டு வெடிப்புக்கு நடுவே நழுவி, ஆர்.கியூ.டி (கோர் எவ்வளவு உடையாமல் வந்தது என்ற சதவீதம்) 90 என்று நல்ல சான்றிதழ் கொடுத்துவிடும். வாய்ப்பகுதியில் ஒரு துளையாவது சாய்வாக இருக்கட்டும். செலவு கொஞ்சம் கூடும், ரிக் ஓட்டுபவர்கள் முணுமுணுப்பார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. துளைக்குள் விடும் தண்ணீர் திரும்பி வருகிறதா, எந்த ஆழத்தில் வராமல் போனது, வந்த தண்ணீரின் நிறம் எப்போது மாறியது என்பதை யாரும் எழுதுவதில்லை. என் ஆரம்ப காலத்தில் ஓர் இடத்தில் பத்துப் பெட்டி கோரையும் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். ரிக் ஓட்டியவரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது சொன்னார்: "சேர், பதினெட்டுல தண்ணி அப்படியே போயிருச்சு. மூணு நாள் பவுசர் வச்சுத்தான் அடிச்சோம்." அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பதினெட்டு மீட்டர்தான் அந்த மலையின் முழுக் கதையும். நாட்குறிப்பு எழுதும் வேலையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அதற்குக் காசு கொடுங்கள்.

துளையைப் போட்டுவிட்டு அதை அப்படியே விடுவது வீண். உள்ளே பாறையில் நீரழுத்தச் சோதனை செய்யலாம். 10 பார் அழுத்தத்தில் மீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு லீட்டர் உறிஞ்சினால் அது ஒரு லூஜியோன். முடிந்ததும் நிலத்தடி நீர்மட்டத்தைக் காட்டும் பியஸோமீட்டர் வைக்கலாம். ஆனால் அதை எத்தனை நாள் வாசிப்பது? அட்டன், வட்டவளைப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு வடகிழக்கு. அந்தந்த இடத்து மழைக்காலம் ஒன்று முழுதாகத் தாண்டாத நீர்மட்ட அறிக்கையை நான் நம்புவதில்லை. துளையின் உண்மையான விலையில் இந்த ஒரு வருடமும் சேரும்.

குறுக்கலை வேகத்தைத் துளைக்குள்ளேயே அளக்கலாம். பி.வி.சி குழாயை இறக்கி, சுற்றிலும் சிமெந்துக் கூழ் ஊற்றி, மேலே மண்ணில் அழுந்தியிருக்கும் பலகையைப் பக்கவாட்டில் சுத்தியலால் அடித்து, கீழே அலை வந்து சேரும் நேரத்தைக் குறிப்பதுதான் முறை. பலகையை அழுத்த லொறிச் சக்கரம் ஏற்றுவார்கள். தேயிலைச் சரிவில் லொறி எங்கே? மணல் மூட்டைகளை அடுக்கிச் சமாளிக்கலாம். துளைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது சில்லறை. ஆனால் ரிக் கிளம்பிப் போன பிறகு ஞாபகம் வந்தால் பயனில்லை.

மற்றச் செலவுகளும் உண்டு. ரிக்கைப் பிரித்துத் தோளில் ஏற்ற ஆள் கூலி, பிடுங்கும் தேயிலைச் செடிக்கு நட்டஈடு, தோட்ட நிர்வாகத்தின் அனுமதி. மாசி, பங்குனி வெயிலில் துளைக்கு எடுக்கும் தண்ணீர் லயத்துப் பீலித் தண்ணீராக இருந்தால் முதல் வாரத்திலேயே ஊரின் நம்பிக்கை போய்விடும். வேலை முடிந்ததும் துளையை அடைக்காவிட்டால், அது மேல்நீரைச் சுரங்கத்துக்குள் இறக்கும் குழாய் ஆகிவிடும்.

அமெரிக்காவில் 1984இல் ஒரு பரிந்துரை வந்தது: போடும் துளைகளின் மொத்த நீளம் சுரங்க நீளத்தின் 1.5 மடங்காக இருக்க வேண்டும், திட்டச் செலவில் 3 சதவீதம் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று. 3 சதவீதத்தை ஏற்கிறேன். 1.5 மடங்கை நகரத்துச் சுரங்கத்துக்கு ஏற்கலாம். 400 மீட்டர் உயர மலைமுதுகுக்கு மேலே நின்று துளை போட்டால், 900 மீட்டர் சுரங்கத்துக்கு மூன்று, நான்கு துளையிலேயே கணக்கு முடிந்துவிடும். ஒன்றும் தெரிந்தும் இருக்காது.

## அலை அளவீடும் மின்தடை அளவீடும்

இரண்டையும் ஒரே கூட்டில் போடுகிறார்கள். உண்மையில் இவை வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

அலை அளவீட்டில் தரையில் அடித்து, அலை திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறோம். பாறையின் மேல்முகம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை இது தொடர்ச்சியாகக் காட்டும். எட்டும் ஆழம், போடும் கோட்டின் நீளத்தில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். 30 மீட்டர் கீழே பார்க்க 120 முதல் 150 மீட்டர் நேர்கோடு வேண்டும். அதைச் சரிவில் தேடுங்கள் பார்ப்போம்! இரண்டு குறைகளை மறக்கக்கூடாது. கடினமான அடுக்குக்குக் கீழே மெதுவான அடுக்கு ஒளிந்திருந்தால் அலைவிலகலை வைத்துப் பார்க்கும் இந்த முறைக்குத் தெரியாது. அப்புறம், நெட்டலை (முன்னும் பின்னுமாகத் தள்ளிச் செல்லும் அலை) தண்ணீரிலேயே விநாடிக்கு 1500 மீட்டர் ஓடும், ஆகவே நனைந்த மெதுமண்ணும் நல்ல மண் போல வேடம் போடும். குறுக்கலை இந்த வேடத்துக்கு மயங்காது. மேற்பரப்பு அலையிலிருந்து குறுக்கலை வேகம் எடுக்கும் 'மாஸ்வ்' முறையை வாய்ப்பகுதிக்குப் பரிந்துரைப்பது அதனால்தான்.

மின்தடை அளவீடு வண்ணப் படம் தரும், கூட்டத்தில் காட்ட எடுப்பாக இருக்கும். நீலம் என்றால் தண்ணீர் என்று யாராவது சொல்வார்கள். களிமண்ணும் நீலம்தான். நம் பாறைகளில் ஆங்காங்கே வரும் பென்சிற்கரியும் நீலம்தான், அது உலோகம் போல மின்சாரம் கடத்தும். எந்த நீலம் எது என்று துளைதான் சொல்ல வேண்டும். ஆனால் பளிங்குக் கல் உள்ள இடத்தில் இந்த முறையை விடவே கூடாது. அந்தக் கல் தண்ணீரில் கரைந்து உள்ளே பொந்து விழும். சமனலவெவ அணையின் வலது கரையில் 1992இல் பீறிட்ட கசிவு அப்படிப்பட்ட பாறை தந்த பாடம்.

ஆக, நான்கு துளையா மின்தடைப் படமா என்பது எனக்குத் தவறான போட்டியாகவே படுகிறது. அளவீட்டை முதலில் செய்து, சந்தேகமான இடத்தில் துளையை வையுங்கள். தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம்: சாலைக்குப் பக்கத்தில், ரிக் ஏறக்கூடிய இடத்தில் துளை போட்டுவிட்டு அறிக்கையைக் கனமாக்க அளவீடு செய்வார்கள்.

## கூம்பு ஊன்றல்

கூம்பு முனை உள்ள கம்பியை மண்ணுக்குள் அழுத்தி, மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்பது. ஆற்றுவண்டல், வயல்வெளி, கரிச்சேறு உள்ள பள்ளத்தாக்கு என்றால் இதைவிட மலிவான, துல்லியமான முறை இல்லை. அலை உணரி வைத்த கூம்பு குறுக்கலை வேகத்தையும் அளந்துவிடும். தேயிலைச் சரிவில் முதல் உருண்டைக் கல்லோடு கதை முடிந்தது.

## சோதனைச் சுரங்கம்

இரண்டு, மூன்று மீட்டர் அகலத்தில் சின்னச் சுரங்கம் வெட்டி உள்ளே போய்ப் பார்ப்பது. மண்ணைத் தொடலாம், தட்டு வைத்து அழுத்திப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் தாங்கல் இல்லாமல் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். பின்னால் வடிகாலாகவோ அவசர வழியாகவோ பயன்படும். போலுவில் மோசமான களிமண் பகுதியில் இரு பக்கமும் முதலில் சின்னச் சுரங்கங்களை வெட்டிக் கொங்கிரீட்டால் நிரப்பி, அவற்றின் மேல் பெரிய சுரங்கத்தை ஊன்றினார்கள்.

பெரிய நிலத்தடி மின்நிலையக் குகைக்கும் அகலமான சாலைச் சுரங்கத்துக்கும் இது சரியான தேர்வு. 900 மீட்டர் நீர்ச் சுரங்கத்துக்கு யானைக்குப் பதில் யானைக்குட்டி வாங்குவது போல. அதற்கு மேல் ஒரு சிக்கல்: ஆய்வு என்ற பெயரில் வெட்டும் இந்தச் சுரங்கமே ஊற்றை வடித்துவிடும். ஊர் கேட்கும்போது "இன்னும் வேலையே தொடங்கவில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

## முன்துளை

வெட்டும்போதே முகப்பிலிருந்து 20, 30 மீட்டர் முன்னால் துளை போட்டுப் பார்த்து, பிறகு நகர்வது. அடுத்த துளை முந்தியதன் கடைசி 5 மீட்டரோடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். மலைமுதுகின் அடியில், மேலிருந்து எட்ட முடியாத இடத்தில், தண்ணீரைப் பற்றி நம்பகமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். தண்ணீர் தென்பட்டால் வெட்டுமுன்னே சிமெந்துக் கூழ் செலுத்தி அடைக்கலாம். தண்ணீர் கொட்டத் தொடங்கிய பின் அடைப்பது பல மடங்கு கடினம்.

குறை என்னவென்றால் பதில் தாமதமாக வருகிறது. பாதையை மாற்ற முடியாது, பக்குவமாகப் போகத்தான் முடியும். வெடிவைத்து வெட்டும் சுரங்கத்தில் செய்வது எளிது. சுரங்கம் குடையும் டி.பி.எம் இயந்திரத்தில் அதற்கான துவாரங்களை வாங்கும்போதே கேட்க வேண்டும். அப்புறம், ஒப்பந்தத்தில் முன்துளைக்குத் தனி வரியும் தனி விலையும் இல்லாவிட்டால், அவசரம் வந்தவுடன் முதலில் கைவிடப்படுவது இதுதான். நேரம் யாருடைய கணக்கில் போகிறது என்பதை எழுதாமல் "தேவைப்பட்டால் செய்க" என்று எழுதுவதும், செய்யாதே என்று எழுதுவதும் ஒன்று.

## தலவாக்கலைக்காரருக்கும் பதுளைக்காரருக்கும்

900 மீட்டர் என்றால் நான் இப்படிச் செய்வேன். முதலில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தை விரித்து, பாதை நெடுக நடந்து, எல்லாப் பீலியையும் கிணற்றையும் குறிப்பேன். பிறகு இரண்டு வாயிலும் அலைக் கோடுகள், ஓடை கடக்கும் இடத்தில் ஒரு மின்தடைக் கோடு. அதற்குப் பிறகுதான் துளைகள்: வாய்க்கு இரண்டு, அதில் ஒன்று சாய்வு, ஒன்றில் குறுக்கலை அளவீடு, எல்லாவற்றிலும் பியஸோமீட்டர். மலை நடுவில் துளை வேண்டாம். அந்தக் காசை, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை, முன்துளைக்கு ஒதுக்கி ஒப்பந்தத்தில் பூட்டி வைப்பேன். வாய்க்கு மேலே பழைய மண்சரிவின் தடம் தெரிந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, வாயை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

பதுளை வாசகர் மூன்று கேள்வி கேட்டால் போதும். எங்கள் கிணறுகளை எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை அளந்தீர்கள்? முன்துளை ஒப்பந்தத்தில் இருக்கிறதா? நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் தண்ணீர் வந்தால் வேலையை நிறுத்துவீர்கள்? மூன்றாவதற்கு எண்ணாகப் பதில் வர வேண்டும்.

அதோடு, நீங்களும் அளக்கத் தொடங்குங்கள். கிணற்றுக்கு ஒரு கயிறும் ஒரு கல்லும், பீலிக்கு ஒரு 20 லீட்டர் வாளியும் கைபேசிக் கடிகாரமும். வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று மாதம் இரண்டு முறை, அன்று மழை பெய்ததா என்பதோடு, நாட்காட்டியில் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். ரிக் வருவதற்கு முந்தைய மழைக்காலமும் முந்தைய வெயில்காலமும் அதில் இருக்க வேண்டும்.